படர்தாமரை என்று நினைத்த சிவப்பு வளையம்

ஜெர்மனியின் எசன் நகரில் வசிக்கிறோம். ஏரிக்கரைப் புல்லில் விளையாடிவிட்டு வந்த என் மகளின் தொடையில் உண்ணி கடித்திருந்தது. பிடுங்கி எறிந்தேன். சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் படர்ந்தது.

“உது படர்தாமரை. பிள்ளையைச் சுத்தமா வச்சிருந்தா வராது” என்று ஊர்க் களிம்பை நீட்டினார் கணவரின் அக்கா.

“டொக்டரிட்டக் காட்டுவம், மச்சாள்.”

“நாய் உண்ணிக்கெல்லாம் டொக்டரோ? கேட்டாச் சிரிப்பினம்.”

களிம்பைப் பூசினேன். வளையம் அகன்றது, காய்ச்சலும் வந்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. உண்ணி பரப்பிய கிருமி என்றும், விட்டிருந்தால் நரம்பைத் தாக்கியிருக்கும் என்றும் சொன்னார். மாத்திரையில் குணமானாள்.

இப்போது உண்ணி கடித்த இடத்தை வாரக்கணக்கில் கவனிக்கிறேன். சிவந்தால் நேரே மருத்துவரிடம்தான்.

போன வாரம் மச்சாள் தன் களிம்பைக் கேட்டார்.

“குப்பைத் தொட்டியில கிடக்கு, எடுத்துக்கொண்டு போங்கோ” என்றேன்.