கையில் போட்ட செருப்பு

பங்குனி வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் உள்ளங்கையை ஊன்றினால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த எரிச்சலுக்குப் பயந்துதான், போலியோவில் இரண்டு காலும் சூம்பித் தவழ்ந்தே திரிந்த எனக்கு அய்யா ரப்பர் செருப்பு வாங்கிக் கைகளில் மாட்டிவிட்டார். சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் "காலனி"யிலிருந்து பள்ளிக்கூடம் போக, நிலக்காரர்கள் குடியிருந்த "ஊர்த்தெரு"வைத் தாண்டவேண்டும். அங்கே எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நான் கையிலிருந்து கழற்றிப் "பைக்கட்டு"க்குள் திணித்துக்கொண்டு தவழ்வேன்.

நான் ஏழாவது படிக்கையில், எல்லோரும் செருப்போடு அந்தத் தெருவில் நடப்பது என்று காலனிச் சங்கத்தார் முடிவெடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சங்கத் தலைவர் செல்லையா மாமா, கிளம்பி நின்ற என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"நீ வேணாம் தாயி. நீ தவந்து வந்தா பாக்குறவன் உன்னையத்தான் பாப்பான். பிச்சக் கூட்டம்னு சொல்லிப்புடுவாய்ங்க. நாம நிமிந்து நடந்து காட்டணும்."

நடந்தார்கள். கல் விழுந்தது, அய்யாவின் மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது. கடைசியில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, காலில் செருப்புப் போட்டுப் போகலாம் என்று முடிவானது. மறுநாளே நானும் என் செருப்போடு போனேன். ஊர்த்தெரு டீக்கடையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து மறித்தார்.

"ஏ புள்ள, காலுக்குத்தான பேச்சு? கையில மாட்டிக்கிட்டு வாரது என்ன திமிரு? கழத்து."

நான் கழற்றவில்லை. கம்பால் நெம்பி எடுத்துக் கருவேல முள்ளுக்குள் எறிந்துவிட்டார்.

மாமாவிடம் போய் அழுதேன். "காலுக்கு வாங்கிட்டோம்ல? அதுவே பெருசு. இப்ப உனக்காகக் கிளப்புனா வாங்குனதும் போயிரும். பொறு தாயி" என்றார். தலையில் கட்டோடு பக்கத்தில் இருந்த அய்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லெறிந்தவர்கள்மேல்கூட வராத ஆத்திரம் எனக்கு இவர்கள்மேல் வந்தது. இன்றைக்கும் அது அடங்கியபாடில்லை. பொறுத்துப் பொறுத்துக் கை புண்ணாகி, ஏழாவதோடு என் படிப்பு முடிந்தது.

இப்போது ஊர்த்தெருவில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அந்த டீக்கடை இல்லை. சொட்டு மருந்து வந்தபிறகு தவழும் பிள்ளைகளும் இல்லை. நான் மூன்று சக்கர வண்டியில் போகிறேன். சங்கத்துக்குக் கட்டடம் வந்திருக்கிறது, வாசலில் உயரமான படிகளோடு. போராட்ட நாளைக் கொண்டாடும் கூட்டத்தில் பேச இந்த வருஷம் என்னையும் கூப்பிட்டார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் படியிறங்கி வந்தார்கள். "ஏலே, தொடாதீக. மைக்கைக் கீழ கொண்டாங்க" என்றேன். ஒயர் எட்டாது என்றார்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே தொண்டை கிழியப் பேசினேன். பாதிப் பேச்சில் மேலே யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள்.