பச்சைப் புளியங்காம்பு

எங்கள் பக்கம் கோடாலிக் காம்புக்குப் புளியங்கிளையைத்தான் தேடுவோம். கணு இல்லாததாகப் பார்த்து வெட்டி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிட்டால், புகை பட்டுப் பட்டு மூன்று மாதத்தில் இரும்பாகிவிடும். என் காம்பு முறிந்தபோது எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கடமலைக்குண்டில் ஒரு கல்யாண வீட்டுக்கு விறகு பிளக்க நானும் என் மனைவியின் அண்ணனும் ஒப்புக்கொண்டிருந்தோம். பச்சைக் கிளையையே சீவி மாட்டினேன்.

"ஆக்கப் பொறுத்தவுக ஆறவும் பொறுக்கணும்" என்றாள் மனைவி.

"இறுக்கமாத்தான இருக்கு?" என்றேன். பச்சை மரம் அப்படித்தான் ஏமாற்றும்.

இரண்டு நாள் வெயிலில் காம்பு வற்றிச் சிறுத்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள், ஓங்கிய வேகத்தில் இரும்பு கழன்று, எதிரே குனிந்திருந்த மச்சானின் காதோரமாகப் பறந்து சுவரில் மோதி விழுந்தது. என் கையில் வெறும் கம்பு.

மச்சான் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏன் மாப்ள, எம்மேல கோவம்னா வாயால சொல்லக் கூடாதா?"

இருவரும் சிரித்துவிட்டோம். மீதி விறகை அவருடைய கோடாலியால் மாறி மாறிப் பிளந்தோம். அதில் இருந்தது நன்றாகக் காய்ந்த காம்பு. ஆனாலும் நான் ஓங்கும்போதெல்லாம் அவர் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.