தொப்புளுக்கு மேலே இரண்டு விரல்

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். கணவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். மைசூரில் நாங்கள் குடியிருந்தது மாடி வீடு, கீழே வீட்டுக்காரம்மா. அன்று தண்ணீர் வரும் நாள் என்பதால் குளியலறையில் பெரிய பக்கெட்டை விளிம்புவரை பிடித்து வைத்துவிட்டு வந்து, பாயில் உட்கார்ந்திருந்த குழந்தையைத் தூக்கக் குனிந்தேன். இடுப்பில் கம்பியைச் செருகியது போல இருந்தது. அடுத்த நொடி தரையில் கிடந்தேன்.

மூச்சை இழுத்தாலே குத்தியது. கையை ஊன்றி எழப் பார்த்தேன். முடியவில்லை. நெஞ்சு ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம், நடுவில் இரண்டையும் இணைக்க ஒன்றுமே இல்லாதது போலக் கிடந்தேன்.

குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு திரும்பித் தவழத் தொடங்கினாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. ஒரு வாரமாக அவள் கையில் எது கிடைத்தாலும் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். நேற்று நாற்காலி. முந்தாநாள் துணிக்கூடை.

"கண்ணு, இங்க வா. அம்மாகிட்ட வா, கண்ணு."

அவள் நிற்கவில்லை. "ஆண்ட்டி!" என்று கீழே கேட்கும்படி கத்தினேன். கத்துவதற்கும் வயிற்றில் பலம் வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. சத்தம் பாதியில் உடைந்தது. கீழே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

முழங்கைகளால் உடம்பை இழுத்துக்கொண்டு போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் குளியலறை வாசற்படியில் ஒரு கையை வைத்தபோது அவளுடைய கணுக்கால் என் பிடியில் கிடைத்தது. பிடித்த பிடியில் வீறிட்டு அழுதாள். நான் விடவில்லை.

அந்த அழுகைதான் வீட்டுக்காரம்மாவை மாடிக்கு வரவைத்தது. எங்கள் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். வெளியிலிருந்து தட்டி, "ஏனாயித்தம்மா? பாகிலு தெகி" என்று கன்னடத்தில் கேட்டு, கதவைத் திறக்கச் சொன்னார். கதவைத் திறக்கத்தான் என்னால் முடியாதே. அவரே என் கணவருக்கு போன் செய்தார். சாவியோடு கணவர் வந்து சேரும்வரை அந்தச் சின்னக் காலை நான் விடவே இல்லை.

"என்னாச்சு? எங்க வலிக்குது?" என்று அவர் என்னிடம் குனிந்தார்.

"என்னைய விடுங்க. மொதல்ல புள்ளயத் தூக்குங்க. பாத்ரூம் கதவச் சாத்துங்க."

எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார். சிசேரியனா என்று கேட்டுவிட்டு, பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லி, என் விரல்களைப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே வைத்தாள்.

"அழுத்திப் பாருங்க மேடம். தெரியுதா?"

இரண்டு விரல் உள்ளே இறங்கியது. இருபக்கமும் தசை, நடுவில் பள்ளம். சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். இன்னும் அழுத்தினால் குடலைத் தொட்டுவிடுவேன் என்று தோன்றியது.

"எதுவும் வெளிய வராது, பயப்படாதீங்க. கர்ப்பமா இருக்கும்போது இந்த ரெண்டு தசையும் வெலகும். கொஞ்சப் பேருக்குத் தானாவே சேர்ந்துக்கும், உங்களுக்கு நாம சேத்துக்கணும். வயிறு வேலை செய்யாததால எல்லாப் பாரத்தையும் இடுப்பு தூக்குது. அஷ்டே, அவ்வளவுதான்."

அவள் கொடுத்த பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாதவை. முழங்காலை மடித்துப் படுத்து, மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளே இழுக்க வேண்டும். குதிகாலைத் தரையில் தேய்த்து ஒரு காலை நீட்டி மடக்க வேண்டும். அப்புறம் இடுப்பை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். பத்துப் பத்து முறை, வீட்டிலேயே.

ஆனால் அதற்குத் தரையில் படுக்க வேண்டுமே! படுத்தால் மறுபடி எழ முடியாமல் போனால்? முதல் வாரம் கணவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் செய்தேன். அவர் இல்லாதபோது செய்ய ஆரம்பித்ததும், ஒரு சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துப் படுத்தேன். குதிகால் தரையில் உரசும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. ஒவ்வொரு முறை கால் நீளும்போதும் அந்தக் கம்பி இப்போது குத்தும், இப்போது குத்தும் என்று காத்திருப்பேன். ஒருமுறைகூடக் குத்தவில்லை. அதனால் பயம் குறைந்ததா என்றால், இல்லை.

மூன்றாம் வாரம் பொறுமை போய்விட்டது. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்தேன். நான்காவது தடவையில் குனிந்து வயிற்றைப் பார்த்தேன். தொப்புளை ஒட்டி நீளமாக ஒரு மேடு, உள்ளேயிருந்து ஏதோ முட்டுவது போல நிமிர்ந்து நின்றது. படுத்ததும் அமுங்கிவிட்டது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

அன்றிலிருந்து பத்து நாள் தரையில் படுக்கவே இல்லை. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை கையை நீட்டினால் நானும் உட்கார்ந்து மடியில் இழுத்துக்கொண்டேன், தூக்கவில்லை. கணவர் கவனித்துவிட்டார்.

"புள்ள தூக்கச் சொல்லி அழுகுது, நீ என்னமோ தள்ளித் தள்ளிப் போற. என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?"

"வயிறு பிரிஞ்சிரும்னு பயமா இருக்குதுங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அன்னைக்கு உன்னையத் தரையில பார்த்ததுல இருந்து எனக்கும் பயந்தான். ஷிப்டுல போன் அடிச்சா வீட்டுலயிருந்தான்னுதான் மொதல்ல பாக்குறேன்," என்றார். மறுநாள் லீவு போட்டு அவரே கூட்டிப் போனார்.

வீடியோ விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். பிசியோதெரபி பெண் திட்டவில்லை. "அந்த மேடு வந்தா வயித்துக்கு இன்னும் அந்தப் பலம் வரலன்னு அர்த்தம். கிழிஞ்சிடுச்சுன்னு இல்ல. நிறுத்திட்டு முந்தினதுக்குப் போங்க. நிதானமாப் பண்ணுங்க," என்றாள். விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் மோசமாகியிருக்கவில்லை.

மீண்டும் குதிகாலிலிருந்து ஆரம்பித்தேன். மழைக்காலம் முடிவதற்குள் விரல் ஒன்றுதான் இறங்கியது, அதுவும் அவ்வளவு ஆழமாக இல்லை. அதற்குப் பிறகுதான் முழங்காலையும் முழங்கைகளையும் ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராக நிறுத்தும் பயிற்சியைத் தந்தாள். பத்து எண்ணும்வரை நின்றால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நின்றுகொண்டிருந்தேன். ஆறு எண்ணியிருப்பேன். கணவரின் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று என் வயிற்றுக்கு அடியில் புகுந்துவிட்டாள். நட்டநடுவில் போய் மல்லாக்கப் படுத்துக்கொண்டு என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள்.

என் கைகள் உதற ஆரம்பித்தன. விழுந்தால் அவள்மேல்தான் விழுவேன். பக்கவாட்டில் சாயலாம் என்றால் எந்தப் பக்கமும் அவளுடைய கையோ காலோ இருந்தது.

"எடுங்க... புள்ளய எடுங்க."

"இரு, இரு, அசையாத," என்று அவர் பாய்ந்து வந்தார். அவள் நைட்டியை விடமாட்டேன் என்று சிரித்தாள். அவர் விரல் விரலாகப் பிரித்தார். நான் எண்ணுவதை மறந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடை, தோள், பல்கூட நடுங்கியது. அவளை இழுத்து எடுத்த பிறகுதான் முழங்கையை விட்டேன், முகம் தரையில் பட விழுந்தேன்.

"இடுப்பு?" என்றார்.

படுத்தபடியே யோசித்துப் பார்த்தேன். இடுப்பில் வலி இல்லை. வயிறுதான் எரிந்தது, அதுவும் நடுவில் இல்லாமல் இருபக்கமும். பிசியோதெரபி பெண் எரிய வேண்டும் என்று சொன்ன இடம் அது.

ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்தேன். எழும்போது வழக்கம்போல ஒரு நொடி நின்று, குத்துகிறதா என்று கேட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் எழுகிறேன். குழந்தை அப்பா கையிலிருந்து என்னிடம் தாவினாள். முழங்காலை மடக்கி, மூச்சை விட்டு, வயிற்றை உள்ளே இழுத்து அவளை வாங்கிக்கொண்டேன்.