எட்டுத் தாங்கிக்கு எட்டு ஒப்பம்

1. குழிக்குள் தங்கேஸ்வரி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு யோரிஸ் தொலைபேசியில் அழைத்தான். எதற்கும் பதறாத பொடியன். அன்றைக்குப் பதறினான்.

"சேர், அம்மா குழிக்குள்ளே இருக்கிறார். வெளியே வரவில்லை."

அவனுடைய தமிழ் புத்தகத்தில் படித்த தமிழ். யாரோ தவறி விழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"நான் விழயில்ல சேர்! நானாத்தான் இறங்கி இருக்கன். மண்ணப் போட்டு மூடச் சொல்லுங்க, ஏறுறன்!"

வெளிநாட்டு இளைஞர்களைத் தொண்டு வேலைக்கு அழைத்து வந்து கிராமங்களில் தங்கவைக்கும் ஒரு சிறிய அமைப்பு மட்டக்களப்பில் இருக்கிறது. அதில் இருபத்திரண்டு வருடம் கள உத்தியோகத்தராக இருந்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அந்த நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இது அறிக்கைகளில் இருக்காது. அந்த அறிக்கைகளை எழுதியதும் நான்தான்.

பனிச்சங்கேணிப் பக்கம், வாவிக் கரையோடு ஒரு சிறிய ஊர். கோடையில் அங்கே கிணறெல்லாம் உவர்ப்பு. தண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி வரும் நாளில் குடங்களைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போக வேண்டும். அந்த ஊரில் எட்டு வீட்டுக்கு மழைநீர்த் தாங்கி கட்டித் தருவது யோரிஸின் வேலை. கம்பி வலையைச் சுற்றிக் கட்டிச் சீமெந்து பூசுகிற பெரிய தாங்கி. மாரி தொடங்க முன்னம் எட்டும் எழும்ப வேண்டும். முதல் மழை விழுந்தால் மேசன்மார் எல்லாரும் விதைக்கப் போய்விடுவார்கள், பிறகு தை மாதம் வரைக்கும் ஆளே கிடையாது. போதாக்குறைக்குக் கொழும்பிலிருந்த தலைமைக் கந்தோர் வேறு ஒரு கெடு வைத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் அத்திவாரம் தொடங்காத வீட்டின் தாங்கி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

தங்கேஸ்வரி இறங்கி இருந்தது முதல் தாங்கிக்கு வெட்டிய முதல் குழியில்.

2. யோரிஸ் வந்த கதை

யோரிஸ் ஒல்லாந்துப் பொடியன். வயது இருபத்து மூன்று, நீர்ப் பொறியியல் படிப்பவன். எங்கள் கதவு நிலைகள் எல்லாவற்றிலும் நெற்றியை இடித்த உயரம். வந்த முதல் நாள், "வாங்க, கந்தோருக்குப் போவம்" என்று சொன்னேன். அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய பாஷையிலும் அலுவலகத்துக்கு ஏறக்குறைய அதே சொல்லாம், கந்தோர். மத்தியானம் எங்கள் பியோன், "கக்கூசு அங்கால இருக்கு தம்பி" என்று கை காட்டினார். பொடியன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய டச்சு முன்னோர் மட்டக்களப்புக் கோட்டையை ஆண்டுவிட்டுப் போகும்போது எங்களிடம் விட்டுப்போன சொற்களில் இந்த இரண்டும் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிய வந்தது.

தொண்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் கிழமை ஏழு நாளும் எல்லாவற்றையும் படம் எடுப்பார்கள். இரண்டாம் கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள். மூன்றாம் கிழமை எங்கள் நாட்டைத் திருத்தத் தொடங்குவார்கள். யோரிஸுக்கு இரண்டாம் கிழமை வரவே இல்லை. நண்டுக் கறியையும் எருமைத் தயிரையும் ஒரே நாளில் தின்றுவிட்டு, அடுத்த நாள் காலை சைக்கிளில் வந்து நிற்பான். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் முட்டும். முதுகு வெயிலில் உரிந்து வழண்டிருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு அளவு நாடா. அவன் கூரையை அளப்பதைப் பார்த்துவிட்டு, ஊர்ச்சனம் தோணியையும் கட்டிலையும் அளக்கக் கூப்பிட்டது. அதற்கும் போனான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது, அதுதான் உண்மை.

3. தேத்தண்ணிக் கடையில் எட்டுப் பேர்

தாங்கி கட்டச் சம்மதம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படிவத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த படிவம். அடியில் "குடும்பத் தலைவரின் ஒப்பம்" என்று ஒரு கோடு. வீட்டுக்கு ஒரு நாள் என்று எட்டு நாள் ஒதுக்கியிருந்தோம். யோரிஸ் ஒரே காலையில் முடித்துவிட்டான். தேத்தண்ணிக் கடையில் எட்டு வீட்டு ஆம்பிளைகளும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். பேனையை நீட்டினான், எட்டுப் பேரும் வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டு நிலமாக, வளவு வளவாகப் போய், தாங்கி எங்கே என்று அவர்கள் காட்டிய இடத்தில் கட்டை அடித்தான்.

"கெட்டிக்காரன்" என்று போனில் நான் புகழ்ந்தேன்.

"ஒருவர் மட்டும், இப்பவே வைக்கணுமா என்று கேட்டார்" என்றான். அது தங்கேஸ்வரியின் புருசன் சிவலிங்கம், வாவியில் தொழில் செய்பவர்.

"பேனை எழுதியிருக்காது" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

4. ஆரைக் கேட்டு வெட்டின?

மோட்டார் சைக்கிளில் நான் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. தங்கேஸ்வரி குழிக்குள் ஒரு பலகையைப் போட்டு இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். சிவலிங்கம் தூரத்தில் முருங்கைக்குக் கீழே நின்று, அன்றைக்குத்தான் புதிதாகக் கண்டவர் போல வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோரிஸ் மண் குவியலில் குந்தியிருந்தான்.

"என்ன தங்கச்சி இது?" என்றேன்.

"ஆரைக் கேட்டு வெட்டின சேர்?"

"உங்கட அவர் ஒப்பம் வெச்சிருக்காரே."

"அவர்ர ஒப்பம் அவர்ர தோணிக்கு. இந்த வளவு எங்கம்மா எனக்குத் தந்த. இந்த மூலை என்ர மூத்தவளுக்கு. வாற ஆவணியில கலியாணம். மாப்பிள்ளை வந்து எங்க இருக்கிற? தாங்கிக்கு மேலயா?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெண்ணுக்கு. அவள் தன் வளவைப் பிரித்து மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுப்பாள். இது எனக்குத் தெரியாத விஷயமா? அந்தப் படிவத்தின் கோட்டைப் பார்த்ததும் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

முருங்கையடிக்குப் போனேன். "நீங்க ஏன் ஒப்பம் வெச்ச?" என்று கேட்டேன்.

சிவலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளக்காரப் பொடியன் பேனைய நீட்டுறான். ஏழு பேர் வெச்சிட்டானுகள். எனக்கு மட்டும், பொண்டாட்டியக் கேட்டிட்டு வாறன் எண்டு சொல்லச் சொல்றீங்களா சேர்?"

மத்தியானத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவி, மற்ற ஏழு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். ஏழு புருசன்மாரும் ஒப்பம் வைத்ததை வீட்டில் சொல்லவே இல்லை. யோரிஸ் கட்டை அடித்ததைக் கண்ட பெண்களும், வழக்கம்போல எதையோ அளக்கிறான் என்று விட்டிருந்தார்கள். எட்டில் ஐந்து கட்டைகள் மகள்மாரின் வீட்டு நிலத்தில் நின்றன. மேசன் குழி தோண்டும் அலவாங்கைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

யோரிஸ் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். தண்ணீர் கொடுக்க வந்தேன், ஒரு பெண்ணின் வீட்டை எடுக்கப் பார்த்திருக்கிறேன் என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவன்மேல் ஒரு துளி கோபமும் இல்லை. என்மேல் இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"இருபத்தெட்டு வருசமா ஆருட வீட்டில சோறு தின்னுறீங்க?"

"உன்ர வீட்டில."

"இஞ்ச ஒரு ஆணி அடிக்கவும் என்னைக் கேக்கிறீங்க. அங்க குழி வெட்ட ஆம்பிளையக் கேட்டிருக்கீங்களே."

சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

5. இல்லாத வீடுகளைக் கீறிய படம்

புதன்கிழமை காலை யோரிஸிடம், படிவத்தை வைத்துவிட்டுக் கயிறும் பென்சிலும் கொண்டுவா என்றேன். வளவு வளவாகப் போனோம். தாங்கியைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் கேட்டது, "மகளுக்கு வீடு எங்க வரும்?" என்பதுதான். பெண்கள் முன்னே நடந்து காட்டினார்கள். யோரிஸ் இன்னும் கட்டாத வீடுகளை எல்லாம் படத்தில் கீறினான். அதற்குப் பிறகு மிஞ்சிய இடத்தில் தாங்கி. ஒரு வீட்டுக்காரிக்கு மூன்று மகள்மார், வளவோ கைக்குட்டை அளவு. மூத்தவளின் வாசல் எந்தப் பக்கம் என்பதில் அரை நாள் போய்விட்டது. இன்னொருவர் கதவைத் திறந்த கையோடு சொல்லிவிட்டார்.

"எனக்கு ரெண்டும் பொடியனுகள். வேற வீடுகளுக்குப் போறவனுகள்தானே, எங்கயெண்டாலும் வைங்க."

வியாழன் பின்னேரத்துக்குள் ஏழு வீடு சரி. மேசனும் திரும்பி வந்து, ஏழு அத்திவாரமும் தொடங்கியாயிற்று. தங்கேஸ்வரியின் வளவுதான் மிச்சம். அங்கே வீட்டுக்குப் பின்னால் நிலம் வாவிக்குச் சரிகிறது, பாரம் தாங்காது. ஒரு பக்கம் கிணறு. மற்றப் பக்கம் கக்கூசுக் குழி. லெவலாக, கெட்டியாக இருப்பது அந்த மூலை மட்டும்தான். ஒன்றில் தாங்கி, இல்லாவிட்டால் மகளின் வீடு. யோரிஸ் நாலு தரம் அளந்தான். நாலு தரமும் அதே விடைதான்.

தங்கேஸ்வரி கோபம் தணிந்திருந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"விடுங்க மனே" என்று, மகனைக் கூப்பிடுவது போல, யோரிஸிடம் சொன்னார். "தாங்கிய அடுத்த ஊருக்கே குடுங்க. நான் சுமந்து பழகின ஆள்தானே."

அவருக்கு முதுகு வலி இருப்பது ஊருக்கே தெரியும். மகள் தர்ஷினி கலியாணம் முடித்தாலும் அதே பவுசர்தான், அதே குடம்தான். யோரிஸ் படத்தை மடிக்கவில்லை. "மகளைக் கேட்க முடியுமா?" என்றான்.

தர்ஷினி வாழைச்சேனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண். வெள்ளிக்கிழமை காலை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு நின்றாள். படத்தை விரித்தோம். மூலையில் தன் வீடு ஒரு சதுரமாக இருப்பதைப் பார்த்தாள்.

"இத ஆர் கீறின?"

யோரிஸ் கையைத் தூக்கினான்.

"குசினி வாவிப் பக்கமா இருக்கு. மாரிக் காத்துக்கு அடுப்பு எரியுமா?"

பென்சிலை அவன் கையிலிருந்து வாங்கினாள். தன் வீட்டை எல்லைப் பக்கமாக ஆறடி தள்ளினாள், பிறகு குசினியை இந்தப் பக்கம் திருப்பினாள். தாயின் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. அதில் ஒரு வட்டம் போட்டாள்.

"இஞ்ச வைங்க. அம்மாட கூரைப் பீலித் தண்ணியும் இதுக்குள்ள விழட்டும், என்ர கூரைப் பீலித் தண்ணியும் விழட்டும்."

யோரிஸ் நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினான். ஒரு சாண் மிஞ்சி இடம் இருந்தது.

"குசினி அந்தப் பக்கமா வந்தா, புகையெல்லாம் என்ர விறாந்தைக்குத்தானே வரும்" என்றார் தங்கேஸ்வரி.

"அது என்ர குசினியம்மா" என்றாள் தர்ஷினி.

தங்கேஸ்வரி மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு பேனையைக் கேட்டார். யோரிஸ் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்பதை வெட்டிவிட்டு, "வளவுக்காரி" என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். தாய் ஒப்பம் வைத்தார், மகள் வைத்தாள். கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. சிவலிங்கம் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப வெக்கலாமா?"

"வைங்க, வைங்க."

பழைய குழியை மூடினார்கள். புதுக் குழி வெட்டத் தொடங்கும்போது பகல் பன்னிரண்டு. கொழும்புக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

6. மாரி

எட்டு வீட்டுப் படிவத்தையும் இப்படியே திருத்தி அனுப்பினோம். வெட்டித் திருத்திய படிவங்களை ஏற்க முடியாது என்று கொழும்பு திருப்பி அனுப்பியது. நான் அதையே மறுபடி அனுப்பினேன். மூன்றாம் தரம் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். தேத்தண்ணிக் கடையில் வேலை சுருக்காக முடியும், அதை நம்பாதீர்கள். வீட்டுக்குப் போங்கள். அந்த வளவில் என்ன இருக்கிறது என்பதை அளவு நாடா சொல்லும், இனி என்ன வரப்போகிறது என்பதை அந்த வீட்டுப் பெண்தான் சொல்வாள். ஊர்ப் பிள்ளை எனக்கே இது மறந்தது என்றால், நேற்று வந்த தொண்டரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எட்டாவது தாங்கிக்குக் கடைசிப் பூச்சுப் பூசிய அடுத்த கிழமை யோரிஸ் விசா முடிந்து போய்விட்டான். அவன் போய் ஆறாம் நாள் மாரி தொடங்கியது. தாங்கி ஏதும் ஒழுகுகிறதா என்று பார்க்க நான் போயிருந்தேன். தங்கேஸ்வரி ஒரு கையில் குடையும் மறுகையில் போனுமாக நின்று யோரிஸுக்கு வீடியோ கோல் போட்டார். அங்கே விடிந்துகூட இல்லை. கலைந்த தலையோடு வந்து, "ஒழுகுகிறதா அம்மா?" என்று கேட்டான்.

"ஒரு சொட்டு ஒழுகயில்ல மனே. பார்" என்று பீலியைக் காட்டினார். தண்ணீர் சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. அதோடு விடவில்லை. போனை அந்தப் பக்கம் திருப்பினார். தர்ஷினியின் வீட்டுக்கு அடித்த நாலு கட்டைகளும் மழையில் நின்றன.

"இந்தா பார், மகள்ட வீடு. கூரை இல்லாததால அவள்ட பங்குத் தண்ணியெல்லாம் சும்மா நிலத்தில விழுது. கெதியாக் கட்டணும் மனே."