ரோட்டைப் பார்த்துச் சொன்ன செபம்

"அருள் நிறைந்த மரியே வாழ்க... பால் பொங்குது, அடுப்பக் குறை... கர்த்தர் உம்முடனே."

டிரைவரம்மாவின் காலைச் செபம் இப்படித்தான் போகும். முழந்தாளில் நின்ற பிறகு எழுவது பெரிய வேலை என்பதால், கண்ணை மூடியபடியே வீட்டை நடத்துவார். செபமாலையில் மணிக்கும் மணிக்கும் நடுவே ஓர் உத்தரவு விழும். "அத்தை சாமிகிட்ட பேசுறாங்களா, என்கிட்ட பேசுறாங்களான்னே தெரியல" என்பார் மருமகள். "யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கட்டும்" என்று பதில் வரும், அதுவும் செபத்துக்கு நடுவிலேயே.

வயது தொண்ணூறை நெருங்குகிறது. கால்தான் தகராறு செய்கிறது. முதுகு இன்னும் வளையவில்லை. போர்வையை மூலைக்கு மூலை பிடித்து மடிப்பதிலும், "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வராதவர்களைப் பார்த்துப் புருவம் தூக்குவதிலும் பழைய பட்டாளம் எட்டிப் பார்க்கும். கல்யாணத்துக்கு முன்பு ராணுவத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அவர்.

போர் நடந்த அந்த வருஷத்தில், ஒரு விடியற்காலை, மூடுபனி. பாதை முழுக்கக் குண்டு விழுந்த பள்ளங்கள். பின்னால் காயம்பட்டவர்கள் படுத்திருந்தார்கள். வண்டியில் டிரைவர் உயிரோடுதான் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, சத்தமாகச் செபமாலை சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஒருவன் வலி பொறுக்காமல் குரல் கொடுத்தான். "அக்கா, சாமிய அப்புறம் பாக்கலாம். முதல்ல ரோட்டப் பாருங்க."

"ரெண்டையும்தான் பாத்துட்டிருக்கேன். நீ கண்ண மூடாம இரு தம்பி."

பின்னால் சிரிப்புச் சத்தம் எழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது சிரித்தவர்கள் இருந்தார்கள். கேலி பேசியவனின் உயிர் போயிருந்தது. அவன் பெயர் அவருக்குத் தெரியாது. வீட்டுச் செபம் "அந்தத் தம்பிக்காகவும்" என்றுதான் அன்றுமுதல் முடிகிறது. மகன் சின்னவனாக இருந்தபோது, தனக்கு எங்கோ ஒரு மாமா இருக்கிறார், வரும்போது ஏதாவது வாங்கி வருவார் என்று வெகுகாலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேக்கரி நடத்திய கணவர் ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டிரைவரம்மாவுக்கு மாவு பிசைய வராது. வண்டி ஓட்டத்தான் வரும். டவுன் பஸ் ஓட்டப் போனார். அந்தப் பேர் அப்போது ஒட்டியதுதான்.

மகன் வளர்ந்ததும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். அவர் மறுத்தார்.

"நீ போகலாம், நான் போகக் கூடாதா?"

"போய்ட்டு வந்தவ சொல்றேன்."

அவன் கேட்கவில்லை. ரயிலடியில் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தார். ஷூ கயிறு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

அவன் திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழவில்லை. சோறு வைத்தது வைத்தபடி இருக்கும். கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். பங்குச் சாமியார் புத்தி சொல்ல வந்தார். டிரைவரம்மா அவருக்குக் காபி கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார். "நீங்க கோயில்ல சொல்லுங்க சாமி. இங்க நான் பாத்துக்கிறேன்."

ஒருநாள் காலை அவன் கட்டிலருகே பாலிஷ் போட்ட ஷூவைக் கொண்டுவந்து வைத்தார். "கிளம்பு, பஸ்ல வந்து உக்காரு."

"எங்க?"

"எங்கயும் இல்ல. போய்ட்டுத் திரும்பி வர்ற பஸ்தான் அது."

என்ன தோன்றியதோ, எழுந்து போனான். டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தான். மறுநாளும் போனான். வெயில் காலம் முழுக்க அவன் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மழை பிடித்த பிறகு, ஒரு மேட்டில் ஏறும்போது முன்னால் சாய்ந்து சொன்னான்: "அம்மா, கிளட்ச் ஒரு மாதிரி உறுமுது. உன் காதுல விழலயா?"

ஒரு வாரமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. "விழலயே. டிப்போவுல நீயே வந்து என்னன்னு பாரு" என்றார். பொய் சொன்னதை, சனிக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துக்கொண்டார்.

டிப்போ பட்டறைக்குள் போனவன் மெக்கானிக்காக வெளியே வந்தான். இப்போது சொந்தப் பட்டறை, தலையெல்லாம் நரை. பேச்சும் சிரிப்பும் எப்போதோ திரும்பிவிட்டன. கோயிலுக்குள் மட்டும் வருவதில்லை. ஞாயிறுதோறும் அம்மாவைப் பூசைக்குக் கூட்டி வந்து இறக்கிவிட்டு, மரத்தடியில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பான். "ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பாக்கக் கூடாதா?" என்று புதிதாக வந்த சாமியார் கேட்டார். "ஆர்டர் போட்டா வர்ற இடமா சாமி இது?" என்று கேட்டுவிட்டார் டிரைவரம்மா.

அவர் உட்காருவது கதவோரத்துக் கடைசி பெஞ்சில். பூசையின் நடுவே, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும், எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களை நோக்கித் திரும்பிக் கை கொடுப்பார்கள். அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்குவார். முற்றத்தின் வெயிலைக் கடந்து மெல்ல மரத்தடிக்கு வருவார். மகன் அதற்குள் இறங்கி நின்றிருப்பான். கிரீஸ் கறை போகாத கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவர் நீட்டும் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான்.