பிரபாகர் சார் தேய்த்த பாத்ரூம்

பிரபாகர் சார் இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

நாங்கள் முன்பு வேலை பார்த்த ஹோட்டலின் வாட்ஸ்அப் குரூப்பில் 'எங்களுக்குச் சேவை செய்த தலைவர்' என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளுகிறார்கள். நானும் ஏதாவது எழுத வேண்டுமாம்... எழுதுகிறேன்.

அவர் எங்கள் ஜெனரல் மேனேஜர். சர்வன்ட் லீடர்ஷிப், அதாவது தலைவர்தான் முதல் சேவகர் என்று எங்கோ ஒரு டிரெய்னிங் போய்விட்டு வந்தார். அதன்பிறகு யாரையும் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

தப்பு செய்தவரை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார். அவருடைய வேலையை எல்லோர் முன்னாலும் தானே செய்வார். முடித்ததும் கைகட்டி நின்று "ஓகேவா சார்?" என்று கேட்பார்.

குக் ஒருவர் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டார். சார் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்... அதையும் போட்டோ எடுத்துப் போட்டார்கள்.

அப்புறம் செல்வி அக்கா. ஜோகுபாளையத்திலிருந்து வருவார், ஹவுஸ்கீப்பிங்கில் பத்தொன்பது வருடம். பாத்ரூமில் முடி கிடந்தது என்று ஒரு கெஸ்ட் கம்ப்ளைன்ட் செய்துவிட்டார்.

"செல்வி மேடம், ப்ளீஸ் உக்காருங்க. இன்னைக்கு நான் உங்க சர்வன்ட்."

கோட்டைக் கழற்றிவிட்டு, மண்டி போட்டு டாய்லெட்டைத் தேய்த்தார். அக்கா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஓகேவா மேடம்?"

"ஓகே சார்..."

எல்லோரும் கைதட்டினோம்.

மறுநாளிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அவர் 'மேடம்' ஆகிவிட்டார். "மேடம், நீங்க உக்காருங்க, நாங்க கூட்டறோம்." கேன்டீனில் சாப்பிடுவதை முதலில் நிறுத்தினார். இரண்டு வாரத்தில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

இனி என் விஷயம்.

ரூமைச் சுத்தம் செய்த பிறகு சூப்பர்வைசர் உள்ளே போய்ப் பார்த்துத்தான் கெஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த மாடிக்கு அன்று சூப்பர்வைசர் நான். ரூமை எட்டிக்கூடப் பார்க்காமல், ரெடி என்று ரிசப்ஷனுக்கு போனில் சொல்லிவிட்டேன்.

அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை... பயம். வெட்கமாக இருக்கிறது.

சார் செத்ததைச் சொல்ல இன்று அக்காவுக்கு போன் செய்தேன். இத்தனை வருடம் கழித்து, இதையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. நீ அந்த ரூம் பக்கமே வரலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னுதான் உக்காந்துனு இருந்தேன்."

நீங்கள் முன்னால் போங்கள், சார். அங்கே அந்த நாற்காலியைப் போட்டு வையுங்கள், இந்த முறை நான் வந்து உட்காருகிறேன்.