மரத்துக்குத் தண்ணீர் விட்ட கொத்தனார்

அந்த வட்டாரத்தில் பாதிச் சுவர் அவர் கை பட்டது. அப்படிப்பட்ட கொத்தனார் தன் வீட்டு மாடியில் மர அறை கட்டப்போகிறார் என்றதும் கூட வேலை செய்பவர்கள் சும்மா விடுவார்களா?

"என்னண்ணே, தீப்பெட்டி கட்டுறீங்களாமே? குச்சி எப்ப வரும்?"

முடிவு அவர் மனைவியுடையது. மகள்கள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். கீழே இடம் போதவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது சிமெண்டு ஆலைக்குப் பின்தெருவில். கொடியில் போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகித்தான் வீட்டுக்குள் வரும்.

"சிமெண்டு வாங்கி அந்த ஆலைப் புகைய நம்ம பங்குக்கும் கூட்ட வேணாம்ங்க. தோப்புல நட்டு வளர்த்த மரம் இருக்கு. வெட்டின இடத்துல மறுபடி நடுறாங்களான்னு நானே போய்ப் பார்த்துட்டேன்" என்றாள்.

பழைய கீழ்ச்சுவர் இன்னொரு கான்கிரீட் தளத்தைத் தாங்காது என்பது கொத்தனாருக்கும் தெரியும். அரை மனதாகத் தலையாட்டினார். "ஆனா மரம் வேலைக்கு ஆகலன்னா பிரிச்சுடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

தச்சர் பலகைத் தரை பதித்து, கதவும் மாட்டிவிட்டு, எண்ணெய் பூச அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். வந்து பார்த்தால் தரை அங்கங்கே முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. கதவு பாதியில் சிக்கியது.

"பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன்ல!" மனைவியைப் பார்த்துச் சொன்ன கொத்தனாரால் உற்சாகத்தை மறைக்க முடியவில்லை.

தச்சர் குனிந்து பலகையைத் தடவினார். "ஈரமா இருக்கே. மழைகூட இல்லையே. யாராச்சும் தண்ணி ஊத்தினீங்களா?"

"நான்தான் தினம் காலையில ஊத்துறேன். புதுசா போட்ட தளத்துக்கு ஊத்தலன்னா வெடிச்சுடாதா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சிமெண்டுத் தளத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்த இத்தனை வருடக் கைப்பழக்கம்!

தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, தண்ணி குடிக்கிற வேலையெல்லாம் அது தோப்புலயே முடிச்சுட்டு வந்துடுச்சு!"

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப பிரிச்சுடலாமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னால் அவர் நினைத்ததுதான் நடக்கும். கொத்தனார் ஈரப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பிரிக்கணும்? ஊத்தினது நான். மரம் என்ன பண்ணும்? காயட்டும்."

ஜன்னல்களை நன்றாகத் திறந்துவைத்தார்கள். தரை மெல்லப் படிந்தது. படியாத சில பலகைகளை மட்டும் மாற்றி, கதவின் விளிம்பைத் தச்சர் இழைத்துக் கொடுத்தார். மழைக்காலத்துக்கு முன்பே மகள்கள் மேலே குடியேறினார்கள். அவர்களுடைய கட்டிலை ஏற்றியவர் கொத்தனார்தான்.